பின்சீட்டுக்கு எத்தனை கதவு?

காரின் கதவுகளை எண்ணும்போது பின்னால் மேல்நோக்கித் திறக்கும் டிக்கிக் கதவையும் ஒன்றாகச் சேர்ப்பது வழக்கம். ஓட்டுபவருக்கு ஒன்று, பக்கத்தில் உட்காருபவருக்கு ஒன்று, பின்னால் ஒன்று என்றிருந்தால் அது மூன்று கதவு வண்டி. பின்சீட்டுக்கும் இருபுறம் கதவு வைத்துவிட்டால் ஐந்து கதவு. இரண்டுமே ஹேட்ச்பேக் வகைதான். ஐந்து கதவு வண்டியின் கூரையைப் பின் பம்பர் வரை நீட்டி, பின்சீட்டுக்குப் பின்னால் கண்ணாடி வைத்த நீளமான சாமான் இடம் கொடுத்தால் அது எஸ்டேட். ஸ்டேஷன் வேகன் என்றாலும் இதுதான். டிக்கி தனிப் பெட்டியாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது செடான். அதன் டிக்கிக்கும் ஆட்கள் உட்காரும் பகுதிக்கும் நடுவே தடுப்பு இருப்பதால் டிக்கி மூடி கதவுக் கணக்கில் வராது. அம்பாசிடரை நான்கு கதவு வண்டி என்று சொல்வது இதனால்தான்.

இந்தியக் குடும்பத்துக்கு எத்தனை கதவு வேண்டும் என்ற கேள்வியைச் சந்தித்த தொழிற்சாலைகளில் ஒன்று சென்னையில் இருந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தயாரித்தது. பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான் அது, 948 சி.சி. எஞ்சின். அங்கே ஹெரால்டின் எல்லா வடிவங்களுக்கும் பக்கத்துக்கு ஒரு கதவுதான், எஸ்டேட்டுக்கும்கூட. பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கிக்கொண்டு நுழைய வேண்டும். இந்தியாவில் அதே காலத்தில் அம்பாசிடரும் பியட்டும் நான்கு கதவோடு ஓடிக்கொண்டிருந்தன. சில ஆண்டுகளில் சென்னை ஆலை ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தது. ஐந்து கதவு வடிவமும் செய்தது. இவை இந்தியச் சந்தைக்கென்றே செய்யப்பட்டவை, பிரிட்டனில் விற்கப்படாதவை. ஹெரால்டுக்குத் தனி சேசிஸ் இருந்ததும், உடற்பகுதி அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கப்பட்டதும் இந்த மாற்றத்துக்கு வசதியாயின. எழுபதுகளின் தொடக்கத்தில் ஹெரால்டை வைத்து உருவான கெசல் பிறக்கும்போதே நான்கு கதவு வண்டி.

ஹெரால்டுக்கு நேர்ந்ததே பிறகும் திரும்பத் திரும்ப நேர்ந்திருக்கிறது. டாடா சியரா 1991-இல் மூன்று கதவோடு வந்தது. பின்னால் கூரை வரை வளைந்த பெரிய கண்ணாடி பார்க்க அழகு. ஆனால் திறக்க முடியாது. அதே பெயரில் 2025 நவம்பரில் வந்த புதிய சியராவுக்கு ஐந்து கதவு. மகிந்திரா தார் மூன்று கதவு. 2024 ஆகஸ்டில் அதற்கு அண்ணனாக வந்த தார் ராக்ஸ் ஐந்து கதவு. சுசுகி ஜிம்னி ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் மூன்று கதவு வண்டியாகப் பெயர் வாங்கியது. மாருதி அதை 2023-இல் இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தபோது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரத்தை 340 மில்லிமீட்டர் கூட்டி, ஐந்து கதவாகவே கொண்டுவந்தது.

மூன்று கதவு வண்டியைத் தயாரிப்பாளர்கள் செய்வதற்குக் காரணங்கள் உண்டு. இரண்டு கதவு குறைந்தால் கீல், பூட்டு, கண்ணாடி ஏற்றும் பொறி எல்லாம் மிச்சம், எடையும் குறையும். பக்கவாட்டில் ஓட்டைகள் குறைவதால் உடற்கூடு முறுக்கலைத் தாங்குவதும் எளிது. குழந்தை பின்கதவைத் திறந்துவிடுமோ என்ற பயம் இல்லை என்பது பழைய வாதம்; சைல்டு லாக் வந்தபின் அதற்கு வேலையில்லை. ஐரோப்பாவிலேயே இந்த வடிவம் தேய்ந்துவிட்டது. ரெனோ கிளியோ 2012-லும், ஃபோக்ஸ்வேகன் போலோ 2017-லும் மூன்று கதவைக் கைவிட்டன.

குடும்பத்துக்கு இந்த வடிவம் ஏன் ஒத்துவராது என்பது பின்சீட்டில் ஏறிப் பார்த்தால்தான் விளங்கும். முன்சீட்டை மடித்து முன்னே தள்ள வேண்டும்; முன்சீட்டில் ஆள் இருந்தால் அவர் இறங்க வேண்டும். பிறகு குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்து, உடம்பைத் திருப்பி, சீட் பெல்ட் காலில் சிக்காமல் பின்னால் போய் உட்கார வேண்டும். கல்லூரிப் பையனுக்கு இது விளையாட்டு. சேலை கட்டியவருக்கு அப்படியல்ல. மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் அப்பத்தாவை இந்த வழியாகப் பின்சீட்டுக்கு அனுப்புவது நடக்காத காரியம். அவரை முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டால், வழியில் பின்சீட்டுக்காரர் இறங்க நினைக்கும்போதெல்லாம் அப்பத்தாவும் இறங்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் கதவின் நீளம். இரண்டு கதவின் வேலையை ஒரே கதவு செய்வதால் அது நீளமானது, கனமானது. முழுதாகத் திறக்கப் பக்கவாட்டில் அதிக இடம் வேண்டும். காரைக்குடி கல்லுக்கட்டியில் பண்டிகைக் கூட்டத்தில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே நிறுத்திய காரில் அந்த இடம் கிடைக்காது. பெல்ட் தொங்கும் தூணும் பின்தள்ளிப் போவதால், முன்சீட்டுக்காரர் தோளுக்குப் பின்னால் கையை எட்டி பெல்ட்டை இழுக்க வேண்டியிருக்கும். எம்ஜி காமெட் போன்ற மூன்று மீட்டருக்கும் குறைவான மின்சார வண்டி ஊருக்குள் ஓட ஏற்றது. அதற்கும் பக்கத்துக்கு ஒரு கதவுதான். வீட்டில் ஏற்கெனவே பெரிய வண்டி இருந்து, செக்காலை ரோட்டுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் போய்வர இரண்டாவது வண்டி தேடுபவருக்கு மூன்று கதவு போதும். தனி ஆளுக்கோ புதுமணத் தம்பதிக்கோ தாரின் மிடுக்கு பிடித்திருந்தால் வாங்கட்டும். வீட்டுக்கு இருப்பதே இந்த ஒரு வண்டிதான் என்றால் மூன்று கதவை விட்டுவிடலாம்.

ஐந்து கதவு ஹேட்ச்பேக் இந்தியக் குடும்பத்தின் இயல்பான வண்டியானது 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்குப் பிறகு. அதற்கு முன் சின்ன வண்டி என்றாலும் பெரும்பாலும் பின்னால் தனி டிக்கி இருக்கும். இன்று வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஐ20, டியாகோ என்று எதை எடுத்தாலும் வாசல் கணக்கு ஒன்றுதான். வேறுபடுவது வாசலின் உயரமும் சீட்டின் உயரமும். விளம்பரங்களில் இது அதிகம் பேசப்படுவதில்லை. வயதானவர்களுக்கு ஏற்ற சீட் நாற்காலி உயரத்தில் இருக்கும்: பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். தாழ்ந்த செடானில் பள்ளத்தில் இறங்குவதுபோல் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு எழ வேண்டும். உயரமான எஸ்யூவியில் படியேற வேண்டும். வேகன் ஆர் போன்ற உயரக்கூரை வண்டிகள் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. அவற்றைப் பெட்டி மாதிரி இருக்கிறது என்று கேலி செய்பவர்கள் உண்டு. எழுபது வயதுக்காரர் அந்தக் கேலியில் சேரமாட்டார்.

கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதும் முக்கியம். சில வண்டிகளில் பின்கதவு கிட்டத்தட்ட செங்கோணமாகத் திறக்கும்; சிலவற்றில் பாதியோடு நின்றுவிடும். கூரை பின்னால் சரிந்து இறங்கும் வண்டியில் ஏறும்போது தலை இடிக்கும். குழந்தை சீட் பொருத்தும் குடும்பத்துக்கு இது இன்னும் பெரிய விஷயம். தூங்கும் குழந்தையைச் சீட்டில் வைத்துப் பெல்ட் மாட்டுவதற்குப் பெரியவரின் பாதி உடம்பாவது உள்ளே போக வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்புச் சீட்டோ இல்லாமல் அழைத்துச்சென்றால் ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம். மடியில் வைத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம்தான். ஆனால் திடீர் பிரேக்கில் மடியிலிருக்கும் குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

ஹேட்ச்பேக்கின் குறை டிக்கி. ஸ்விஃப்டுக்கு 265 லிட்டர், வேகன் ஆருக்கு 341 லிட்டர், செடானான டிசையருக்கு 382 லிட்டர். வெளிநாட்டிலிருந்து வருபவர் கொண்டுவரும் பெரிய சூட்கேஸ் ஒன்று நூறு லிட்டருக்கு மேல் வரும். திருச்சி விமான நிலையம் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வரும் உறவினரை அழைத்துவரப் போகும் குடும்பங்கள் இங்கே ஏராளம். ஸ்விஃப்டின் டிக்கியில் அப்படிப்பட்ட சூட்கேஸ் இரண்டு நுழைவதே கஷ்டம். மூன்றாவது பின்சீட்டில் ஓர் ஆளின் இடத்தைப் பிடிக்கும். சி.என்.ஜி. வண்டி என்றால் சிலிண்டரே டிக்கியில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். 2023-இல் டாடா ஆல்ட்ரோஸில் ஒரு பெரிய உருளைக்குப் பதிலாக இரண்டு சிறிய உருளைகளைத் தரைக்குக் கீழே வைத்தது இந்தப் புகாருக்கான பதில்.

அதே ஹேட்ச்பேக் பின்சீட்டை மடித்தால் வேறு வண்டியாகிவிடும். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் வாங்கிய மர அலமாரியையோ, உயரமான குத்துவிளக்கையோ செடானின் டிக்கியில் வைக்க முடியாது. அதன் வாய் சிறியது, மூடியின் கீல்களும் உள்ளே இடத்தைத் தின்னும். ஹேட்ச்பேக்கின் வாய் வண்டியின் அகலம், உயரம் முழுவதும் திறக்கும். சீட் இரண்டு பாகமாக, 60:40 என்று மடியும் வண்டியாக இருந்தால், ஒருபக்கம் விளக்கும் மறுபக்கம் ஆளும் போகலாம். ஒன்றே ஒன்று: ஆத்தங்குடி ஓடுகளை இப்படி ஏற்றிக்கொண்டு வரலாம் என்று நினைக்கக் கூடாது. சிறிய ஹேட்ச்பேக் சுமக்கக்கூடியது, ஆட்களும் சேர்த்து, பெரும்பாலும் 400 முதல் 500 கிலோதான். ஐந்து பெரியவர்கள் உட்கார்ந்தாலே 350 கிலோ ஆகிவிடும்.

எஸ்டேட் இந்தச் சிக்கலுக்குப் பொருத்தமான விடையாகத் தோன்றும். வடிவத்தின்படி அது உண்மையும்கூட. சீட்டில் ஐந்து பேர் உட்கார்ந்தபடியே நீளமான, தட்டையான சாமான் இடம். தரை தாழ்வு என்பதால் பாரம் தூக்கி வைப்பது எளிது. பாரம் கீழேயே இருப்பதால் வளைவில் வண்டி சாயாது. கூரைக் கேரியரில் கட்டினால் இதெல்லாம் தலைகீழாகும். இலங்கையில் ஜப்பானிலிருந்து பழைய வண்டிகள் வரத் தொடங்கியபோது டொயோட்டா கரோலா வேகனும் நிசான் ஏ.டி. வேகனும் குடும்ப வண்டியாகவும் தொழில் வண்டியாகவும் ஓடின. இந்தியாவிலும் முயற்சிகள் குறைவில்லை. டாடா எஸ்டேட் 1992-இல் வந்தது. மாருதி பலேனோ அல்டுரா, ஓப்பல் கோர்சா ஸ்விங், ஸ்கோடா ஆக்டேவியா கோம்பி, 2004-இல் டாடா இண்டிகோ மரீனா என்று வரிசையாக வந்தன. எதுவும் நிலைக்கவில்லை.

ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு எல்லோரும் சொல்வது தோற்றம்: பின்னால் நீண்ட கண்ணாடி வண்டியைப் பார்த்தால் ஆம்புலன்ஸோ அமரர் ஊர்தியோ நினைவுக்கு வருகிறதாம். சுபகாரியத்துக்குப் போகும் வண்டி அப்படி இருக்கலாமா என்ற கேள்வி சிரிக்க வேண்டியதல்ல. ஆனால் அது முழுக் காரணமும் அல்ல. வரி அதைவிட வலுவான காரணம். 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட், நான்கு மீட்டருக்குட்பட்ட, 1,200 சி.சி. வரையிலான பெட்ரோல் கார்களுக்கும் 1,500 சி.சி. வரையிலான டீசல் கார்களுக்கும் உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16-ஆகக் குறைத்தது. அன்றிலிருந்து நான்கு மீட்டர் என்பது இந்தியக் காரின் லட்சுமணக் கோடு. செடான்களே டிக்கியை வெட்டிக்கொண்டன: 2008-இல் இண்டிகோ சி.எஸ்., 2012-இல் டிசையர். பின்னால் நீள்வதையே பிறவிக் குணமாகக் கொண்ட எஸ்டேட்டுக்கு இந்தக் கோட்டுக்குள் இடமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்திலும் கோடு அப்படியே இருக்கிறது: அதற்குட்பட்ட சிறிய கார்களுக்கு 18 சதவீதம், தாண்டினால் 40.

மூன்றாவது காரணம் குடும்பத்தின் அளவு. மேலை நாட்டு எஸ்டேட் நான்கு பேருக்கும் அவர்களது விடுமுறைச் சாமானுக்கும் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. இங்கே பின்னால் காலி இடம் தெரிந்தால் அதில் ஆள் உட்கார வைக்கத்தான் தோன்றும். அம்பாசிடரின் முன்சீட் ஒரே பலகையாக இருந்ததும், கியர் ஸ்டியரிங் பக்கத்தில் இருந்ததும் முன்னால் மூன்று பேர் உட்கார உதவின. அந்த வழக்கத்தில் வளர்ந்த குடும்பத்துக்கு ஏற்ற வண்டியாக 2000-இல் குவாலிஸும், 2005-இல் இன்னோவாவும், 2012-இல் எர்டிகாவும் வந்தன. மூன்று வரிசை சீட் கொண்ட இந்த வண்டிகள் எஸ்டேட்டின் இடத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டன.

எடுத்துக்கொண்டன என்பது வெறும் பேச்சல்ல. எர்டிகாவில் ஏழு பேரும் உட்கார்ந்தால் டிக்கியில் மிஞ்சுவது 209 லிட்டர், ஸ்விஃப்டைவிடக் குறைவு. மூன்றாம் வரிசையை மடித்தால் அது 550 லிட்டராகிறது. அப்போது அது ஐந்து பேரும் நிறையச் சாமானும் போகும் எஸ்டேட்தான், பெயர் மட்டும் வேறு. நான்கு மீட்டருக்குள் நிற்கும் ரெனோ டிரைபரில் மூன்றாம் வரிசையைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம்: சீட்டோடு 84 லிட்டர், கழற்றினால் 625. ஏழு பேர், ஏழு பேரின் பெட்டிகள் இரண்டும் ஒரே நேரத்தில் இந்த வண்டிகளில் போகாது என்பதை மட்டும் விற்பனையாளர் தானாகச் சொல்லமாட்டார். மூன்றாம் வரிசைக்குக் கதவும் கிடையாது. நடு சீட்டை மடித்து நுழைய வேண்டும். ஐந்து கதவு வண்டிக்குள் மூன்று கதவு வண்டியின் அதே தொல்லை. அந்த வரிசை பிள்ளைகளுக்கு.

செட்டிநாட்டுக் குடும்பத்தின் பயணத்தைப் பார்த்தால் தேவை இரண்டாகப் பிரிவது தெரியும். ஒன்று அன்றாடம்: பள்ளிக்கூடம், பேங்க், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, மாதம் ஒருமுறை மதுரை ஆஸ்பத்திரி. மூன்று நான்கு பேர், ஒரு பை. இன்னொன்று விசேஷம்: கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, குலதெய்வப் படைப்பு, நகரக் கோயில் திருவிழா. சென்னையிலோ கோவையிலோ குடியிருப்பவர்கள் பூட்டிய பூர்வீக வீட்டைத் திறக்க வருவதும் அப்போதுதான். அந்த நாட்களில் வண்டியில் ஏறுவது ஆட்கள் மட்டுமல்ல. எவர்சில்வர் சம்புடங்களில் மாவுருண்டை, தேன்குழல், மனகோலம். சீர் தட்டுகள், வாழைத்தார், பூக்கூடை, ஐயாவின் மடக்கு நாற்காலி.

இந்த இரண்டில் எதற்காக வண்டி வாங்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். விசேஷத்தை நினைத்து ஏழு சீட் வண்டி வாங்கிவிட்டு, மீதி நாளெல்லாம் இரண்டு பேர் அதைச் சந்துகளில் திருப்பிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் ஐந்து பேருக்குள் இருந்து, விசேஷம் வருஷத்துக்கு நாலைந்து என்றால், உயரமான ஐந்து கதவு ஹேட்ச்பேக்கை வாங்கிவிட்டு அந்த நாட்களுக்கு வாடகை வேன் பிடிப்பதே சிக்கனம். வேன் காரைக்குடியில் கிடைக்காத பொருளல்ல. கணவன் மனைவியோடு பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என்று வீட்டில் ஆறு பேர் இருந்தாலோ, மாதம் இருமுறை சென்னைக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் சாமானோடு ஓட்டினாலோ மூன்று வரிசை வண்டி தன் விலைக்கு வேலை செய்யும். நல்ல நிலையில் பழைய எஸ்டேட் ஒன்று கிடைத்தால் ஆசைப்படலாம். ஆனால் நின்றுபோன மாடலின் டிக்கிக் கண்ணாடியும் பின் விளக்கும் உடைந்தால் மாற்றுக் கிடைப்பது அரிது என்பதை விலை பேசும்போதே நினைக்க வேண்டும்.

சாமானும் ஆட்களும் ஒரே கூரைக்குள் போகும் வண்டிகளுக்கு, அதாவது ஹேட்ச்பேக், எஸ்டேட், மூன்று வரிசை மூன்றுக்குமே, பொதுவான சில சங்கதிகள் உண்டு. கருவாட்டுக் கூடையோ பலாப்பழமோ வைத்தால் மதுரை வரை அது கூடவே மணக்கும். கண்ணாடி வழியே சாமான் வெளியே தெரியும். அதனால் மூடு பலகையோ இழுவைத் திரையோ வேண்டும். குளிரூட்ட வேண்டிய காற்று அதிகம் என்பதால், சித்திரை வெயிலில் பின்சீட்டுக்குத் தனி ஏ.சி. துவாரம் இல்லாத வண்டி பின்னால் உட்காருபவரை வேக வைக்கும். வண்டியின் பின்புறம் செங்குத்தாக முடிவதால் ஓடும்போது அங்கே காற்றழுத்தம் குறைந்து, சக்கரம் கிளப்பும் செம்மண் தூசி பின் கண்ணாடியில் வந்து படியும். பின் வைப்பர் இல்லாத விலை குறைந்த வகையை வாங்கினால் மழைநாளில் பின்னால் வருவது தெரியாது. எல்லாவற்றையும்விட முக்கியம் பாரத்தை அடுக்கும் முறை: கனமானது தரையில், சீட்டின் முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும். சீட்டின் தலைக்கு மேல் அடுக்கிய பித்தளைக் குடம் கடும் பிரேக்கில் பின்சீட்டுக்காரரின் பிடரிக்குத்தான் வரும்.

ஷோரூமுக்கு வீட்டிலேயே வயதில் மூத்தவரை அழைத்துப் போக வேண்டும். அவர் யார் கையையும் பிடிக்காமல் பின்சீட்டில் ஏறி இறங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். சுவரோரம் நிறுத்தினால் எவ்வளவு திறக்குமோ அவ்வளவுதான் கதவைத் திறந்து வைத்து இன்னொருமுறை பார்க்க வேண்டும். குழந்தை சீட் இருந்தால் அதையும் எடுத்துச்சென்று பொருத்திப் பார்க்கலாம். டிக்கிக் கதவை முழுதாகத் தூக்கியபின் வீட்டிலேயே குட்டையானவருக்கு அதன் விளிம்பு எட்டுகிறதா என்பதும் கவனிக்க வேண்டியது. கூரை தாழ்ந்த கார் கொட்டகை என்றால், டிக்கிக் கதவு உயர்ந்து நிற்கும் உயரத்தையும் அது பின்னால் வளைந்து திறக்கத் தேவைப்படும் இடத்தையும் டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு, வண்டிக்குச் சொல்லும் முன்பே கொட்டகையின் அளவோடு ஒப்பிட்டுவிடலாம்.